உப்பும் சர்க்கரையும் ஜோடியாத்தான் வரணும்!

ப்ளஸ் டூல பயாலஜி படிச்சவங்க எல்லாரும் செல் சவ்வு படத்தைக் கண்டிப்பா வரைஞ்சிருப்பீங்க. ரெண்டு வரிசையா குண்டுத் தலைகள், ஒவ்வொரு தலைக்கும் ரெண்டு வால். நானும் வரைஞ்சேன், மார்க் வாங்கினேன், மெக்கானிக்கல்ல சேர்ந்த அன்னிக்கே மறந்துட்டேன். போன வருஷம் ஹாஸ்டல்ல ஒரு ராத்திரி, அந்தப் படம் திரும்பி வந்து என் சட்டையைப் பிடிச்சுது.

செமஸ்டருக்கு நாலு நாள் இருக்கு. ரூம்மேட்டுக்கு மதியத்துலேர்ந்து வயித்துப்போக்கு. "முடியலடா மச்சான்"னு சுருண்டு படுத்துட்டான். உடம்புல தண்ணி குறையுது, எதையாவது குடிக்கக் கொடுக்கணும். இதுவரைக்கும் என் லாஜிக் கரெக்ட். தெம்புக்கு இனிப்பா இருக்கட்டுமேன்னு பெரிய பாட்டில் கூல் டிரிங்க்ஸ் வாங்கிட்டு வந்து, டம்ளர் டம்ளரா கொடுத்தேன். அவன் வேணாம்னப்பகூட விடலை. போக்கு அதிகமாச்சு. பதினோரு மணிக்கு பாத்ரூம் வாசல்லயே விழுந்துட்டான். கண்ணு ரெண்டும் உள்ளே போயிருந்துச்சு.

வார்டன் சாரை எழுப்பி, ஆட்டோ பிடிச்சு, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிரிப்ஸ் ஏத்திட்டு டாக்டர் கேட்டார், "குடிக்க என்னப்பா கொடுத்தீங்க?" சொன்னேன். "நல்ல எண்ணத்துல இருக்கிற தண்ணியையும் வெளியே இழுத்து விட்டிருக்கே தம்பி" என்றார்.

எப்படின்னு கேட்கிறீங்களா? உங்க வீட்டு எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை நினைச்சுக்கங்க. உப்பு போட்டு வெச்சா மறுநாள் தண்ணி விட்டிருக்கும். சவ்வுக்கு எந்தப் பக்கம் உப்போ சர்க்கரையோ அதிகமா கரைஞ்சிருக்கோ, தண்ணி அந்தப் பக்கம் போகும். சவ்வூடு பரவல்! குடலுக்குள்ள அளவுக்கு மீறி சர்க்கரையை ஊத்தினா, தண்ணி உடம்புக்குள்ள வராம குடலுக்குப் போகுது.

அப்ப வெறும் தண்ணி போதுமா? போதாது. போன உப்பும் திரும்பி வரணும். உப்புல இருக்கிற சோடியம் சவ்வை நேரா தாண்ட முடியாது. அதுக்குன்னு புரத வாசல்கள் இருக்கு. அதுல ஒரு வாசல்ல ஜோடியா வந்தாத்தான் என்ட்ரி: ரெண்டு சோடியத்தோட ஒரு குளுக்கோஸ். ஜோடி உள்ளே போனதும் தண்ணி பின்னாலயே வந்துடும். வயித்துப்போக்குல மத்த வாசல்கள் சொதப்பினாலும் இந்த வாசல் பெரும்பாலும் வேலை செய்யும். அஞ்சு பத்து ரூபாய் விஷயம் இல்லைங்க, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோட மொத்த ரகசியமும் இதுதான்.

1971-ல வங்கதேசப் போர் நேரத்துல, மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதிகள் முகாம்ல காலரா. டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோற நிலைமை. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணியை டிரம்ல வெச்சு, நோயாளிகளோட சொந்தக்காரங்களையே கொடுக்கச் சொன்னார். நூத்துக்கு 30 பேர் வரை செத்துக்கிட்டிருந்த இடத்துல, அது 4-க்கும் கீழே இறங்குச்சு. அவர் 2022-ல் இறந்தார். 2023-ல் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க.

எனக்கு உறுத்தினது இதுதான். முகாம்ல இருந்தவங்க யாரும் செல் சவ்வு படம் வரைஞ்சு மார்க் வாங்கலை. ஆனா சரியா கொடுத்தாங்க. நான் மார்க் வாங்கிட்டு தப்பா கொடுத்தேன்.

அதனால, இதை மட்டும் செல்போன்ல டைப் பண்ணி வெச்சுக்கங்க பாஸ். பாக்கெட் கிடைச்சா, கவர்ல போட்டிருக்கிற அளவு தண்ணியில முழுசா கலக்குங்க. கிடைக்கலையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணி, தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டின அரை டீஸ்பூன் உப்பு. கூடவும் வேணாம், குறையவும் வேணாம். கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். மயக்கம், மலத்துல ரத்தம், யூரின் வராம இருக்கிறது, குடிச்சதெல்லாம் வாந்தின்னு இருந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

ரூம்மேட் பிழைச்சுட்டான். பரீட்சையும் எழுதினான். அவங்க அம்மா போன் பண்ணி, "நீ இல்லைன்னா என் பையன் என்ன ஆகியிருப்பானோ தம்பி"ன்னு அழுதாங்க. கூல் டிரிங்க்ஸ் மேட்டரை அவன் வீட்டுல சொல்லவே இல்லை.

நான் இங்கே சொல்லிட்டேன்.