மாறியும் வாயிற்காவலும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தனர். கல்லூரி நினைவுகளை எழுதுவார் பலர் உளர் ஆதலின், யாம் எமது தொழிலிலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். கணினிக்குச் செய்நிரல் எழுதுதலே அத்தொழில். மாணவ நண்பர்கள் இதனை முன்னரே அறிந்திருப்பர். மூத்தோர் சற்றுப் பொறுத்தருள்க.

செய்நிரலிற் ‘பொருள்’ எனப்படுவது தன் நிலையைச் சில மாறிகளில் வைத்திருக்கும் ஓர் அலகாகும். யாம் முன்னர்ப் பணியாற்றிய ஓரிடத்தில், தடுப்பூசி மருந்துகளை வைக்கும் குளிரறை அத்தகைய பொருளாக எழுதப்பட்டிருந்தது. அம்மருந்துகளுட் பெரும்பாலன 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும். அறையின் இலக்கு வெப்பநிலையோ ஒரு பொதுமாறி. செய்நிரலின் எப்பகுதியும் அதனை நேரே மாற்றலாம். ஒருநாள், அலுவலக அறைகளைக் கவனிக்கும் பகுதி அம்மாறியில் 25 என எழுதிவிட்டது. மாறி மறுப்பின்றி ஏற்றது. எச்சரிக்கை மணி இலக்கிலிருந்து விலகினால் மட்டுமே ஒலிப்பது. இலக்கே வழுவியபின் அஃது ஏன் ஒலிக்கும்? இராக்காவலர் கதவைத் திறந்து பார்த்திராவிடின் மருந்தனைத்தும் பாழாகியிருக்கும்.

மதிப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும், எல்லையைச் சோதித்துப் பதிவேட்டிற் குறிக்கும் ஒரு செயல் தானே நிகழவேண்டும் என்பது அன்று அனைவர்க்கும் புலனாயிற்று. ஆனால் அம்மாறியைத் தொடும் வரிகளோ செய்நிரலெங்கும் சிதறிக் கிடந்தன.

யாவா மொழியில் எழுதுவோர் இவ்விடருக்கு அஞ்சி, மாறிகளை மறைத்து, ஒவ்வொன்றுக்கும் ‘பெறு’, ‘இடு’ எனும் இரு செயல்களைத் தொடக்கத்திலேயே எழுதி வைப்பர். கள்வரில்லா ஊரில் வீட்டுக்கு வீடு காவலாளி நிறுத்துவதாகவே எமக்கு அது தோன்றும். சேமித்த மதிப்பாயினும் கணித்த மதிப்பாயினும் அதனைக் கேட்கும் முறை ஒன்றாகவே இருத்தல் வேண்டுமென பெர்ட்ராண்ட் மெயர் 1988 இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். 2001 இல் வந்த பைதன் 2.2 பதிப்பு அதற்கு வழி செய்தது. மாறியின் பெயர் மாறாது. அதற்கு மதிப்பிடும் பழைய வரிகளும் மாறா. இடையில் மட்டும் ஒரு வாயிற்காவலன் வந்து நிற்பான். எமது குளிரறைச் செய்நிரல் நற்பேறாகப் பைதனில் இருந்தது. ஒரு பக்கத்தைத் திருத்தினோம், ஏனையவற்றைத் தொடவில்லை. 2014 இல் வெளிவந்த ஸ்விப்ட் மொழியிலோ மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இயங்கத் தனித்தனிச் செயல்களே உண்டு.

இக்காவலனை ஏவுவோர் சிலவற்றை அறிந்திருத்தல் நன்று. பைதனில் அவன் தான் காக்கும் பெயருக்கே மீண்டும் மதிப்பிட முயன்றால், தன்னைத் தானே ஓயாது அழைத்துக்கொள்வான்; ஏறத்தாழ 1000 அடுக்கு ஆனதும் வழு எனக் கூறி மொழியே நிறுத்திவிடும். ஆதலின் உள்ளே வேறொரு பெயரிற் சேமித்தல் வேண்டும். மற்றொன்று பலரும் அறியாதது. மாறியில் இருப்பது ஒரு பட்டியலாயின், அதனுட் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதை அவன் காணான். பட்டியலையே மாற்றி வேறொன்றை வைத்தால்தான் விழிப்பான்.

இனி எமது கருத்து. சமக்குறியிட்டு ஐந்து என்று எழுதுபவர், அதன் பின்னே கடிதம் பறப்பதையும் மணி அடிப்பதையும் எதிர்பாரார். சில நண்பர்கள் அவ்வாறெல்லாம் எழுதுகின்றனர். அவர்தம் நிரலைப் படிப்பது எமக்குப் பெருந்துன்பம். யாம் காவலனிடம் விட்டவை எல்லைச் சோதனையும் பதிவும் மட்டுமே. மணியை மீளமைப்பதைத் தனிச் செயலாக்கி, அதற்குத் தெளிவான பெயரும் இட்டோம். அழைப்பவர் அறிந்தே அழைக்கட்டும்.