குத்தாதே!

“குத்தாதே!” என்று பெரியவர் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த ஃபோர்க் புல்தரையில் விழுந்தது.

இடம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் ஷெபாய்கன். 2011 கோடையில், என்னோடு பி.காம். படித்த நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், எங்களைத் தன் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கரியடுப்பில் பிராட்வர்ஸ்ட். ஜெர்மன்காரர்களின் சாஸேஜ். பன்றிக்கறியை அரைத்து, மசாலா சேர்த்து, குடலில் அடைத்தது. (சைவர்கள் அடுத்த இரண்டு பாராவைத் தாண்டிவிடலாம்.)

வெந்துவிட்டதா என்று பார்க்கத்தான் குத்தப் போனேன். இட்லியைக் குத்திப் பார்த்தே வளர்ந்தவர்கள் இல்லையா நாம்! ஆனால், இதன் தோலில் ஓட்டை விழுந்தால் உள்ளே உருகிய கொழுப்பு தணலில் சொட்டும். குப்பென்று தீ எழும்பும். மேலே கரி, உள்ளே சக்கை. அதனால் இடுக்கிதான். மிதமான தணலில் திருப்பித் திருப்பி, இருபது நிமிஷமாவது பொறுமையாக வாட்ட வேண்டும். இதை அந்த ஊரில் ‘ஃப்ரை’ என்கிறார்கள். எண்ணெய்யும் இல்லை, வாணலியும் இல்லை, என்ன ஃப்ரையோ!

பக்கத்தில் ஒரு சட்டியில் பீர், வெண்ணெய், வளையம் வளையமாக வெங்காயம். வாட்டிய சாஸேஜை அதில் போட்டு வைக்கிறார். “மற்ற ஊர்களில் முதலில் பீரில் வேகவைத்துவிட்டு அப்புறம்தான் வாட்டுவார்களாமே?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கணுமே! சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று எங்கள் வீட்டில் கேட்டது மாதிரி. முரட்டு பன்னைப் பிளந்து, இரண்டு சாஸேஜை ஜோடியாகப் படுக்கவைத்து, கடுகு விழுதைத் தடவி, வழவழவென்று ஆகியிருந்த அந்த வெங்காயத்தை அள்ளிப் போட்டுக் கொடுத்தார். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு சாஸேஜைவிட வெங்காயம்தான் பிடித்தது.

இதன் பூர்வீகத்தைப் படித்தபோது காமர்ஸ்காரனான எனக்கு ஒரே குஷி. ஜெர்மனியில் துரிங்கியாக்காரர்கள் காட்டுகிற பழைய ஆதாரமே ஒரு கணக்குதான். ஆர்ன்ஸ்டாட் ஊரின் கன்னியர் மடத்தில், 1404-ல் பிராட்வர்ஸ்ட்டுக்குக் குடல் வாங்கிய வகையில் 1 குரோஷன் செலவு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அறுநூறு வருஷத்துக்கு மேல் வவுச்சர் பத்திரம்!

1840-களிலிருந்து ஜெர்மன்காரர்கள் கூட்டம் கூட்டமாக விஸ்கான்சினுக்கு வந்தார்கள். கூடவே இதுவும் வந்தது.

“உங்களுக்கு ஜெர்மன் தெரியுமா?” என்று பெரியவரைக் கேட்டேன்.

“பாட்டி பேசுவாள். அப்பாவுக்குக் கேட்டால் புரியும். எனக்கு…” என்றவர், இடுக்கியால் சட்டியைக் காட்டினார். “இது தெரியும்.”

அவருடைய அப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது 1917-ல். அந்த வருஷம்தான் அமெரிக்கா ஜெர்மனியை எதிர்த்து முதல் உலகப் போரில் இறங்கியது. ஜெர்மன் பேசுகிறவன் என்றாலே சந்தேகப் பார்வை. பல பள்ளிகளில் ஜெர்மன் பாடத்தையே நிறுத்தினார்கள். வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்களாம்.

பெரியவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் நண்பன்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, புல்தரையில் பந்து உதைத்துக்கொண்டிருந்த தன் பன்னிரண்டு வயசுப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தான். திண்டுக்கல்லிலிருந்து பாட்டி போனில் பேசினால் பையனுக்குப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். இங்கே எந்தப் போரும் நடக்கவில்லை. நண்பனுக்கு ஆபீஸிலிருந்து வர லேட்டாகிறது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். நண்பன் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். எதிரே, தூக்கம் கலையாத பையன்.

“இது என்னடா, சொல்லு?”

“ஆனியன்.”

“தமிழ்ல சொல்லுடா.”

பையன் ரொம்ப நேரம் யோசித்தான். “சாம்பார் ஆனியன்?”

பாதி மார்க் போடலாமா என்பது மாதிரி என்னைப் பார்த்தான் நண்பன்.