33 வருஷம் காத்திருந்த கிளி!

அருப்புக்கோட்டையின் நெசவுத் தெருக்களில் பேச வேண்டுமென்றால் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டும். விடிந்ததும் தொடங்கும் தறிச் சத்தம் ராத்திரி வரைக்கும் ஓயாது. பாவு, ஊடை, தார் என்பதெல்லாம் இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வார்த்தைகள். அப்படி ஒரு தெருவில், மதியம் இரண்டரை மணிக்கு, வாசல் திண்ணையில் வெளிச்சம் விழும் பக்கமாக உட்கார்ந்து, வளையத்தில் துணியை மாட்டி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார் 44 வயதுப் பெண் ஒருவர். தெருவில் அவருக்கு 'பூப்போடுற அக்கா' என்று பெயர்.

கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் சொன்ன ஒரு வார்த்தையை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். "ஊரே நூலை வச்சுச் சோறு திங்குது. இவ மட்டும் காசு கொடுத்து நூல் வாங்குறா!"

மாமியார் சொன்னதில் தப்பில்லை. அந்த வீட்டில் நூல் என்றால் கூலி. கணவருக்கு விசைத்தறியில் வேலை. அக்காவும் காலையில் சமையல் முடித்ததும் தார் சுற்ற உட்கார்ந்துவிடுவார். சுற்றிய தாருக்குக் காசு உண்டு. பூப்போட்ட துணிக்குக் காசு கிடையாது. அதனால், வீட்டு வேலையும் கூலி வேலையும் முடிந்த பிறகு மிஞ்சுகிற அரை மணி நேரம்தான் ஊசிக்கு. குழாயில் தண்ணீர் வரும் நாளில் அதுவும் கிடையாது.

செலவு பெரிதாக இல்லை. ஒரு டீ விலைக்கு ஒரு கட்டு ஆங்கர் நூல் கிடைக்கும். ஒரு கட்டில் 8 மீட்டர். அதைப் பிரித்தால் ஆறு இழை. நுணுக்கமான வேலைக்கு ஒரு இழை, சாதாரண வேலைக்கு இரண்டு, தடிமனாகத் தெரிய வேண்டுமென்றால் மூன்று. சங்கிலித் தையல், காம்புத் தையல், லேசி டேசி, கட்டத் துணியில் போடும் கிராஸ் ஸ்டிச் என்று எல்லாமே அவருக்குக் கைவரும். கற்றுக்கொடுத்தது அம்மா.

இளஞ்சிவப்பாகிப் போன தலையணை

முடித்த வேலைகளைவிடக் கெட்டுப்போன வேலைகளைப் பற்றித்தான் அக்கா அதிகம் பேசுகிறார். அதில் முதலிடம் ஒரு ஜோடித் தலையணை உறைக்கு.

நாத்தனார் மகள் வளைகாப்புக்குக் கொடுக்கலாம் என்று வெள்ளைத் துணியில் சிவப்பு ரோஜா போட்டார். இரண்டு மாத வேலை. சிவப்பு மட்டும் தீர்ந்துபோனதால், பக்கத்துக் கடையில் லேபிள் இல்லாத நூலை வாங்கிப் போட்டு முடித்தார். துணியில் படிந்த கை வியர்வைக் கறை போகட்டும் என்று ராத்திரி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். காலையில் எடுத்தால் துணி முழுக்க இளஞ்சிவப்பு. பதறிப்போய் உலர்த்தி இஸ்திரி போட்டார். அதுதான் இரண்டாவது தப்பு. சூடு பட்டதும் சாயம் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

சாயம் இறங்கினால் துணியைக் காயவே விடக் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் மாற்றி மாற்றி அலசிக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக் கூடாது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. இப்போது எந்தச் சிவப்பு வாங்கினாலும், ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்த பிறகுதான் ஊசியில் கோக்கிறார்.

அன்றைக்கு அழுதுகொண்டிருந்தவரிடமிருந்து அந்த இரண்டு உறையையும் மாமியார் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். "எனக்குத் தலைக்குத்தான வேணும், கண்ணுக்கா வேணும்?" என்றார். கடைசிவரைக்கும் அதில்தான் தலைவைத்துப் படுத்தார்.

கூலிக்கு ஒரு ஊசி

நடுவில் ஆரி வேலை வந்தது. கல்யாணப் பட்டு ப்ளவுஸில் கழுத்துக்கும் கைக்கும் மணி, ஜர்தோசி வைத்துத் தைக்கும் வேலைக்கு ஊரெல்லாம் கிராக்கி. "இவ்வளவு கைவேலை தெரிஞ்சு சும்மா இருக்கியே" என்று சொல்லாதவர் இல்லை. தறியில் வேலை குறைந்திருந்த சமயம் அது. மகள் கல்லூரிக்குப் போக வேண்டும். அக்காவும் மூன்று மாத வகுப்புக்குப் போனார், ஸ்டாண்டு வாங்கினார், ஆர்டர் எடுத்தார்.

மொத்தம் 14 ப்ளவுஸ். 14-வது ப்ளவுஸை வாங்க வந்தவர், கழுத்து டிசைன் ஒரு பக்கம் கால் அங்குலம் இறங்கியிருக்கிறது என்று சொல்லி, பேசிய 1,500 ரூபாயைக் கொடுக்காமலேயே துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மணி வாங்கிய 600 ரூபாய் அக்கா கையிலிருந்து போனது. அதைவிட, வலது தோள்பட்டை தூக்க முடியாமல் போனதுதான் பெரிய நஷ்டம். தார் சுற்றும் வேலைக்கும் அந்தக் கைதானே வேண்டும்?

"ஆரி நல்ல தொழில்தான். எத்தனையோ பேரு அதுல பிள்ளைகளைப் படிக்க வைக்காக. எனக்குத்தான் சரிப்படல. கூலிக்குத் தச்சா, கூலி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது" என்கிறார். ஸ்டாண்டை விற்றுவிட்டு, மறுபடியும் தன் சின்ன வளையத்துக்கே திரும்பினார்.

டிரங்குப் பெட்டியில் ஒரு கிளி

அக்காவின் பிறந்த ஊர் திருச்சுழி. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். திருமேனிநாதர் கோயிலும், ரமண மகரிஷி 1879-ல் பிறந்த வீடும் வெளியூர்க்காரர்களை அங்கே அழைத்துவரும். உள்ளூர்க்காரர்களுக்கு அது மழையை அண்ணாந்து பார்க்கும் ஊர். மழைக்காலம் தவிர மற்ற நாளில் குண்டாற்றில் மணல்தான் தெரியும். வெள்ளாமை பொய்த்தால் சீமைக் கருவேலம்தான் சோறு போடும். வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்பார்கள்.

அக்காவின் அம்மா பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் கெட்டிக்காரர். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர் பாஸ் செய்தவர். ஹையரும் எழுதி, தையல் டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்குள் கல்யாணம். அவருக்கு இடது கைப் பழக்கம். அடிபட்டு அடிபட்டு வலது கையால் எழுதக் கற்றுக்கொண்டாரே தவிர, ஊசி மட்டும் இடது கையைவிட்டு மாறவே இல்லை.

1986-ல் அவர் மேட்டித் துணியில் ஒரு மேஜை விரிப்பு தொடங்கினார். வீட்டில் மேஜையே கிடையாது. வாங்கும்போது விரிக்கலாம் என்று தொடங்கியது. மாங்கிளையில் எதிரெதிராக இரண்டு கிளி, சுற்றிலும் பூ பார்டர். வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் ஐந்து வருஷமாக ஒரு கிளி முடிந்தது. இரண்டாவது கிளி கழுத்து வரைக்கும் வந்தது. 1991-ல் அப்பா இறந்துபோனார்.

அம்மா கரிமூட்ட வேலைக்குப் போனார். முள் குத்திக் குத்தி விரல் காய்த்துப்போனது. "ஒருநா ராத்திரி ஆசையா எடுத்து உக்காந்துச்சு. விரல் சொரசொரப்புல நூலெல்லாம் சிக்கிக்கிட்டு வருது. சுருட்டிப் பெட்டியில வச்சுருச்சு. அப்புறம் எடுக்கவே இல்ல." அப்போது அக்காவுக்கு வயது 11.

பிள்ளைகள் ஆளாகி, கை ஓய்ந்தபோது அம்மாவுக்குக் கண் போய்விட்டது. புரை என்றுதான் நினைத்தார்கள். க்ளாக்கோமா என்று சொல்லும் கண் அழுத்த நோய். வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதைத்தான் மருந்தாலும் சிகிச்சையாலும் காப்பாற்ற முடியும். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனபோது காப்பாற்ற அதிகம் மிச்சமில்லை. பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு கூடுதல் என்பதால், அக்கா இப்போது வருஷம் தவறாமல் கண் அழுத்தம் பார்த்துக்கொள்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன் திருச்சுழி வீட்டைச் சுத்தம் செய்தபோது, அந்துருண்டை வாசத்தோடு அந்தத் துணி வெளியே வந்தது.

பின்பக்கம் இன்னும் பச்சை

முடித்துவிடுவது என்று அக்கா முடிவு செய்தார். எண்ணிப் பார்த்தார். இரண்டாவது கிளியின் மிச்சமும் ஒரு பக்க பார்டரும் சேர்த்து சுமார் 3,000 கிராஸ். அரை மணி நேரத்தில் 50 கிராஸ் போட முடியும். 60 நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். ஏழு மாதம் ஆனது.

டிசைன் தாள் இல்லை. ஆனால், ஒரு கிளி முழுசாக இருக்கிறதே! பத்தாம் வகுப்பு படிக்கும் மகனின் கிராஃப் நோட்டில் முதல் கிளியைக் கட்டம் கட்டமாக எண்ணி வரைந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றிக்கொண்டார்.

அடுத்து நிறம். நூல் லேபிள் எதுவும் இல்லை. மதுரைக்குப் போனார். புது மண்டபத்தில் இருந்த கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. துணியையும் கையோடு கொண்டுபோய், கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து வெயில் வெளிச்சத்தில் ஒவ்வொரு பச்சையாக வைத்துப் பார்த்தார். அப்போதுதான் ஒன்று கவனித்தார். முன்பக்கம் வெளுத்திருந்த கிளி, பின்பக்கம் இன்னும் கரும்பச்சையாகவே இருந்தது. அம்மா வாங்கிய பச்சை அதுதான். வாங்குவதென்றால் எந்தப் பச்சை? வெகு நேரம் யோசித்து, வெளுத்த பச்சையையே வாங்கினார். பக்கத்தில் வந்தால் ஒட்ட வேண்டுமே!

இரண்டு வாரம் தைத்தார். சுமார் 700 கிராஸ். ஒருநாள் சாயங்காலம் துணியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால், நிறம் ஒட்டவே இல்லை. அம்மா போட்டது ஒரு பச்சை, இவர் போட்டது வேறு பச்சை. ஆனால், நூலைப் பக்கத்தில் வைத்தால் ஒரே நிறம்தான்.

காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது. கிராஸ் ஸ்டிச்சில் மேலே விழும் இழை எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும். அம்மா இடது கைக்காரர். அவருடைய மேல் இழை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மகளுடையது வலப்பக்கம். வெளிச்சம் இரண்டிலும் வேறு வேறு மாதிரி பட்டதால் நிறமே மாறித் தெரிந்தது.

அம்மா தைத்ததைப் பிரித்துவிட்டு மொத்தமாகத் தன் கைக்கே போட்டுவிடலாம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அக்கா தன்னுடைய 700 கிராஸையும் பிரித்தார். பிரிக்கவே ஐந்து நாள். பிறகு அம்மா மாதிரி இடப்பக்கம் சாய்த்துப் போடப் பார்த்தார். 30 வருஷப் பழக்கம், கை கேட்கவில்லை. பத்துக் கட்டம் ஒழுங்காக வரும், பதினோராவது திரும்பிவிடும்.

பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகன்தான் வழி சொன்னான். "துணியைப் படுக்கப் போட்டுத் தைங்கம்மா. 90 டிகிரி திருப்பினா சாய்வு மாறிரும்ல?" அப்படித்தான் இருந்தது. துணியையும் கிராஃப் தாளையும் கால்வாசி திருப்பி வைத்துக்கொண்டு, தன் வழக்கப்படியே தைத்தார். நிமிர்த்திப் பார்த்தால் அம்மாவின் சாய்வு! கிளி படுத்துக்கொண்டே வளர்ந்தது.

தாய் கை, மகள் கை

இந்தத் தென்சீமையில் தாயிடமிருந்து மகளுக்கு ஊசி கைமாறிய கதைகள் பல. 1820-களில் நாகர்கோவிலில் லேஸ் பின்னுவதைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மார்த்தா மால்ட். அவருடைய மகள் எலைசா, 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு, அம்மாவிடம் கற்ற அந்த வேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். அவர்கள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பெட்டிக்குள் சுருட்டி வைக்கப்பட்ட துணிகளுக்கு அப்படிப் பெயர் எதுவும் கிடையாது.

2024-ல் கடைசி பார்டர் முடிந்தது. தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு மெல்ல இஸ்திரி போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சுழி பஸ் ஏறினார். என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. மடியில் விரித்து வைத்தார்.

அம்மா இடது கையால்தான் தடவினார். பார்டர், மாங்கிளை, முதல் கிளி. அங்கே கொஞ்சம் நின்றது கை. "இது என் துணில்ல?" என்றார். பிறகு இரண்டாவது கிளிக்கு வந்தார். தலை, அலகு, கழுத்து. சாய்வு மாறவில்லை, நிறம் மாறவில்லை, கண்ணால் பார்ப்பவர்கள் யாருக்கும் தெரியாது. ஆனால், கழுத்துக்குக் கீழே ஒரு விரற்கடை தாண்டியதும் கை நின்றுவிட்டது.

"இங்கிட்டு இருந்து நீ போட்டதா தாயி?"

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"நூலை இம்புட்டு இழுத்துப் பிடிக்காதன்னு அப்பவே சொன்னேன்ல. துணி சுருங்குது பாரு."

மகள் சிரித்தார். அம்மா விரலை எடுக்கவில்லை. கிளியின் வால் வரைக்கும் போய், மறுபடியும் கழுத்துக்கே வந்தார்.

அந்த விரிப்பு இப்போது திருச்சுழி வீட்டில் டி.வி. வைத்திருக்கும் சின்ன மேஜையில் இருக்கிறது. வெயில் படாத பக்கமாகப் போடச் சொன்னது அம்மா. அருப்புக்கோட்டைத் திண்ணையில் மதியம் இரண்டரை மணிக்கு அடுத்த துணி வளையத்தில் ஏறிவிட்டது. ஒரு சின்னத் தலையணை உறைதான். இந்த முறை நூலைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்துப் பழகுகிறார் அக்கா.