வெளிச்சம் நுழையும் வாசல்

கிண்டி தொழிற்பேட்டையில் அந்தப் பட்டறை மாடியில் இருக்கிறது. கீழே லேத் ஓடும் சத்தம். மேலே, அறுவைக்கூடங்களிலிருந்து பழுது பார்க்க வந்த லைட் கேபிள்கள் சுவர் நெடுக அகலமான வளையங்களாகத் தொங்குகின்றன. “இறுக்கிச் சுத்தினா உள்ளே ஃபைபர் உடைஞ்சிடும் சார்” என்றார் பட்டறைக்காரர்.

அவர் கையில் இருந்த வேலை ஓர் அடாப்டர். ஒரு மருத்துவமனை, சின்னத் துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்குப் புது லைட் சோர்ஸ் வாங்கியிருக்கிறது. கேபிள்கள் பழையவை, முனை பொருந்தவில்லை. ஸ்டோர்ஸ், வுல்ஃப், ஒலிம்பஸ், ஏ.சி.எம்.ஐ. என்று ஆளுக்கொரு முனை வைத்திருக்கிறார்கள். துளைக்கு ஏற்ற குழாய் ஒன்றைக் கடைந்து செருகினால் வேலை முடிந்தது என்றுதான் எனக்கும் தோன்றியது. அவர் ஒரு கேபிளை எடுத்து, அதன் ஒரு நுனியை ஜன்னல் பக்கம் திருப்பி, மறு நுனியை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

4.8 மில்லிமீட்டர் வட்டம். அதற்குள் வெள்ளைப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, அங்கங்கே கறுப்பு. ஒவ்வொரு கறுப்பும் அறுந்துபோன ஓர் இழை. கால்வாசி கறுத்துவிட்டால் கேபிளையே மாற்றச் சொல்லிவிடுவாராம். இழை 30 மைக்ரான் தடிமன் என்றால் இந்தச் சின்ன வட்டத்துக்குள் ஏறத்தாழ 20,000 இழைகள் அடங்கும். ஆனால் எவ்வளவு நெருக்கினாலும், கூடையில் அடுக்கிய எலுமிச்சம்பழம் மாதிரி இடுக்கு விழத்தான் செய்யும். சம அளவு வட்டங்களால் ஒரு பரப்பை நிரப்புவதற்கு உச்ச வரம்பே 90.7 சதவீதம். இழையைச் சுற்றியுள்ள உறைக் கண்ணாடியும் வெளிச்சத்தைக் கொண்டுபோகாது. போதாததற்கு, காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது நான்கைந்து சதவீதம் திரும்பி அடிக்கிறது.

இடுக்கில் விழும் வெளிச்சம் அங்கேயே வெப்பமாகிறது. இடுக்கை அடைத்திருப்பது எபாக்ஸி. கழித்துப்போட்ட முனை ஒன்றைக் காட்டினார்: நடுவில் பழுப்பேறி, பசை கருகி, முகம் குழிந்து கிடந்தது. சரியாகத் துடைக்காமல் விட்ட ரத்தக்கறை இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கறை சூட்டில் வெந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இதற்கு நல்ல மாற்று இருக்கிறது. நுனியில் மட்டும் இழைகளைச் சூடேற்றி, அழுத்தி, ஒன்றோடொன்று உருகி ஒட்ட வைத்துவிடுவது. வட்டங்கள் அறுகோணமாகி இடுக்கும் மறையும், பசைக்கும் வேலையில்லை. விலை கூடுதல்தான். ஆனாலும் 300 வாட் செனான் விளக்கின் எதிரே நிற்கப்போகும் முனைக்கு இதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு காலத்தில் சின்ன பல்பையே கருவியின் நுனியில் வைத்து உடம்புக்குள் அனுப்பினார்கள். 1954இல் ஹெரால்ட் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திய ஆய்வை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் விளக்கு உடம்பை விட்டு வெளியேறியது. அதோடு வெளியேறிய வெப்பம் இந்த முனையில் வந்து குடியேறிவிட்டது.

கறுப்புக் கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு, மூடி கழற்றிய ஒரு செனான் சோர்ஸைப் போட்டார். விளக்கின் எதிரே கறுப்புத் தாளைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுத்தார். வெளிச்ச வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் தாள் புகைந்தது. “இதான் ஃபோகஸ். கையை வைக்காதீங்க சார்.” கேபிளின் முகம் நிற்க வேண்டிய இடம் அதுதான். 2 மில்லிமீட்டர் விலகினாலும் வட்டம் பெருத்து, ஓரம் உலோக வளையத்தின் மேல் விழும். வெளிச்சமும் போச்சு, முனையும் சூடேறும்.

அடாப்டரில் நான் மிகவும் ரசித்த நுணுக்கம் இங்கேதான் வருகிறது. கேபிளைப் பிடித்துக்கொள்ள ஸ்பிரிங் வைத்த குண்டு ஒன்று பள்ளத்தில் விழுகிறது. அந்தப் பள்ளத்தை வைத்தே ஆழத்தையும் முடிவு செய்வது சுலபம். பலரும் அப்படித்தான் செய்கிறார்களாம். இவர் சம்மதிப்பதில்லை. “குண்டு பிடிக்கிறதுக்கு மட்டும்தான். எங்கே நிக்கணும்கிறதை ஷோல்டர்தான் சொல்லணும்.” பள்ளம் தேயும், ஸ்பிரிங் தளரும், முனை முட்டி நிற்கக் கடைந்த தோள் அத்தனை சீக்கிரம் தேயாது. குண்டு கேபிளை அந்தத் தோளோடு இழுத்து வைத்திருந்தால் போதும். அந்தத் தோள் முழுக்கப் பதிந்து உட்காருவதால் முனையின் வெப்பமும் அதன் வழியே சோர்ஸின் அலுமினியக் கட்டைக்கு இறங்குகிறது. ஆட்டம் இருந்தால் நடுமையம் விலகும். ஆட்டமே இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து சிக்கிக்கொள்ளும். அறுவை நடுவில் கேபிள் கழற்ற வராமல் நின்றால் என்ன ஆகும்? அதை நினைத்துத்தான் லேத் ஓட்டும் டர்னர் ஒவ்வொரு துண்டையும் சூடாக்கிச் செருகிப் பார்த்த பிறகு கீழேயிருந்து அனுப்புகிறார்.

இனி எல்லாம் எல்.இ.டி., இந்தக் கஷ்டம் இருக்காதே என்று கேட்டேன். வேறு கஷ்டம் என்றார். எல்.இ.டி. தன் முன்னால் எல்லாப் பக்கமும் வெளிச்சத்தை வாரி இறைக்கிறது. கேபிள் இழை ஏற்றுக்கொள்வதோ சுமார் 68 டிகிரிக் கூம்புக்குள் வருவதை மட்டும். லென்ஸ் வைத்து வட்டத்தைச் சுருக்கினால் கோணம் விரிகிறது. கோணத்தை அடக்கினால் வட்டம் பெருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுருக்க எந்த லென்ஸாலும் முடியாது. கேபிளின் வாயைவிடப் பெரிய சிப்பை வைத்து வாட் கூட்டுவதில் பெரிய பயன் இல்லை.

உடம்புக்குள் போகும் ஸ்கோப்பின் பக்கத்து முனையிலும் இதே கணக்கு. 4 மில்லிமீட்டர் ஸ்கோப்புக்குத் தடித்த கேபிளை மாட்டினால் படம் கூடுதல் வெளிச்சமாகாது. மிச்ச வெளிச்சம் ஸ்கோப்பின் கழுத்தைச் சுட வைக்கும். மாட்டாமல் துணிமேல் போட்ட கேபிள் நுனி துணியைப் பொசுக்கி நோயாளியின் தோலையும் சுடும். அதனால் முடிந்த அடாப்டரைக் கட்டிக் கொடுக்கும் முன் அதன் கழுத்தில் கேபிளின் அளவைப் பொறிக்கிறார். அந்த மருத்துவமனையில் ஒன்றுதான் கேட்டார்கள். இரண்டு செய்திருக்கிறார், 4.8க்கு ஒன்று, 3.5க்கு ஒன்று, கழுத்தில் வேறு வேறு நிற வளையம் போட்டு.