இழைமணியிடம் எஞ்சியவை

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு உயிரியல் படித்தவர்களுக்கு அந்த வரைவிலக்கணம் மனப்பாடம். கலத்துக்குள் மென்சவ்வால் சூழப்பட்ட கரு உள்ள உயிரிகள் ஒரு பக்கம். அது இல்லாதவை மறுபக்கம். பக்டீரியா அந்தப் பக்கம். கத்தரிச்செடி, காளான், அப்பத்துக்குப் போடும் மதுவம், கோழி, நாங்கள் எல்லாரும் இந்தப் பக்கம். நடுவில் ஒரு மதில். பரீட்சைக்கு அவ்வளவு போதும்.

இந்தப் பிரிவுக்கு முதலில் பெயர் வைத்தவர் எடுவார் ஷத்தோன் என்ற பிரெஞ்சு உயிரியலாளர். 1925இல் அவர் எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். மெய்யான பருப்பு உள்ளவை நாங்கள். நோர்வேஜிய மொழியிலும் அப்படித்தான். கலத்தின் கருவுக்கும் அப்பிள் விதைக்கும் ஒரே சொல்லைப் புழங்குகிறார்கள். தமிழில் அது 'கரு' ஆனதும் வயிற்றுப் பிள்ளையும் கதையின் உள்ளீடும் சேர்ந்துகொண்டன. எல்லா மொழியும் ஒன்றையே சொல்கிறது: சாரம் உள்ளே இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு ஓடு இருக்கிறது.

இதை எங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். வளர்ந்த மனித உடலில் சுமார் 30 இலட்சம் கோடி கலங்கள் என்று 2016இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. அவற்றில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் செங்குழியங்கள். முலையூட்டியின் செங்குழியம் முதிரும்போது தன் கருவை வெளியே தள்ளிவிடுகிறது. இழைமணிகளையும் கைவிட்டுவிடுகிறது. ஒட்சிசன் சுமக்க இடம் வேண்டும் என்பதற்காக வீட்டுச் சாமான்களை எல்லாம் வெளியில் வைத்தவர் மாதிரி, சுமார் 120 நாள் ஓடித்திரிந்துவிட்டு மடிகிறது. கோழியின் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒவ்வொரு செங்குழியத்தின் நடுவிலும் கரு தெரியும். எங்களுடையதில் தெரியாது.

ஆக, எண்ணிக்கையில் பார்த்தால் என் கலங்களில் பெரும்பான்மைக்குக் கரு இல்லை. ஆனாலும் யாரும் என்னைப் பக்டீரியாவோடு சேர்ப்பதில்லை.

மறுகோடியிலும் ஒரு உதாரணம் உண்டு. கரு உள்ள உயிரிகளுக்கு இழைமணியும் இருக்கும் என்பது பொது விதி. சின்சிலா என்ற கொறிக்கும் பிராணியின் குடலில் வாழும் ஒரு தனிக்கல உயிரியில் இழைமணியின் சுவடே இல்லை என்று 2016இல் கண்டார்கள். அதையும் வரிசையிலிருந்து நீக்கவில்லை. அதன் முன்னோர்களிடம் இழைமணி இருந்தது. இது பிறகு தொலைத்தது. அவ்வளவுதான்.

அப்படியென்றால் பாடப்புத்தகம் சொன்னது வரைவிலக்கணம் அல்ல, அடையாளம். உண்மையில் எங்களை ஒரு வகையாக்குவது கையில் இருக்கும் பொருள் அல்ல, வந்த வழி. பாதி வாழ்நாளைப் படிவங்களில் கட்டம் நிரப்பியே கழித்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

வந்த வழியைப் பற்றிய துப்பு ஒன்று நான் இருக்கும் ஊருக்குப் பக்கத்துக் கடலிலிருந்து கிடைத்தது. முதுமாணிப் படிப்புக்கென்று வந்து, மென்பொருள் ஆலோசகராகத் தங்கிவிட்ட நகரம் பேர்கன். இந்த நகரத்துப் பல்கலைக்கழகம் தலைமை தாங்கிய ஆய்வுக்குழு 2008இல் நோர்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலான ஆழ்கடலில் கொதிநீர் கக்கும் புகைபோக்கிகளைக் கண்டுபிடித்து, அந்த இடத்துக்கு 'லோகியின் கோட்டை' என்று பெயரிட்டது. லோகி பழைய நோர்டிக் கதைகளில் வரும் உருமாறும் தந்திரக்காரன். அங்கிருந்து சுமார் 15 கிலோமீற்றர் தள்ளி, 3,283 மீற்றர் ஆழத்தில் எடுத்த சேற்றில் கிடந்த டி.என்.ஏ.யை சுவீடனின் உப்சாலாவில் வாசித்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. அது ஆர்க்கியா என்ற, கரு இல்லாத தொல்லுயிர் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் கரு உள்ள உயிரிகளுக்கு மட்டுமே உரியவை என்று நினைத்திருந்த புரதங்களுக்கான பரம்பரையலகுகள் அதனிடம் இருந்தன. எங்கள் தசையை இழுக்கும் அக்ரினின் உறவுக்காரப் புரதமும் அவற்றில் ஒன்று. இது 2015இல் வெளிவந்தது.

அந்த உயிரியை அப்போது எவரும் கண்ணால் கண்டதில்லை. ஜப்பானியர்கள் தங்கள் கடலடிச் சேற்றிலிருந்து அதன் சொந்தக்காரன் ஒன்றை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்தார்கள். அதற்கு 12 ஆண்டுகள் பிடித்தன. 2020இல் படத்தோடு வெளியிட்டார்கள். சின்ன உருண்டை, அதிலிருந்து கிளை விட்ட நீண்ட கைகள். உள்ளே கரு இல்லை. தனியாக அதை வளர்க்க முடியவில்லை. அது வெளிவிடும் ஐதரசனை எடுத்துக்கொள்ள ஒரு துணை நுண்ணுயிர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இப்படியான ஏதோ ஒரு ஆர்க்கியா, 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஒட்சிசனைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு பக்டீரியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்தப் பக்டீரியாவின் வழிவந்தவைதான் இழைமணிகள். இழைமணி ஒரு காலத்தில் தனி உயிராக இருந்தது என்பதை லின் மார்குலிஸ் 1967இல், லின் சேகன் என்ற பெயரில், விரிவாக எழுதினார். அந்தக் கட்டுரையைப் பல சஞ்சிகைகள் திருப்பி அனுப்பியிருந்தன. இன்று அதை மறுப்பவர் அரிது.

யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்பதுதான் அவ்வளவு இலேசாகப் பிடிபடாது. டி.என்.ஏ.யைப் படியெடுப்பதும் வாசிப்பதும் எங்களிடம் பெரும்பாலும் ஆர்க்கியாவின் முறையில் நடக்கின்றன. உணவைச் சக்தியாக்கும் வேலைகளில் பெரும்பகுதி பக்டீரியாவின் முறை. இன்னொன்று: ஆர்க்கியாவின் மென்சவ்வுக் கொழுப்பு இரசாயனத்தில் தனி வகை, எங்கள் மென்சவ்வில் இருப்பதோ பக்டீரியா வகைக் கொழுப்பு. வந்தவர் கொண்டுவந்த கல்லாலேயே வீட்டுச் சுவர் முழுக்க மாற்றிக் கட்டப்பட்டிருக்கிறது.

கருவைச் சுற்றிய மதிலுக்கும் இந்தக் குடியேற்றமே காரணமாக இருக்கலாம் என்று 2006இல் வில்லியம் மார்ட்டினும் யூஜின் கூனினும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். வந்த பக்டீரியாவின் டி.என்.ஏ.யிலிருந்து பொருளற்ற துண்டுகள் வீட்டுக்காரரின் டி.என்.ஏ.க்குள் வந்து செருகிக்கொண்டன. பக்டீரியாவில் படியெடுக்கும்போதே வாசிப்பும் தொடங்கிவிடும். அப்படி வாசித்தால் செருகல்களும் சேர்ந்து வாசிக்கப்பட்டு, புரதம் பிழையாகும். அவற்றை வெட்டித் தைக்க நேரம் வேண்டும். மதில் அந்த நேரத்தைக் கொடுத்தது: உள்ளே படியெடுத்துத் திருத்து, பிறகு துளை வழியே வெளியே அனுப்பு, வெளியே வாசிக்கட்டும். சோதித்து முடியும்வரை எந்த நிரலையும் வாடிக்கையாளரின் கணினிக்கு விடாத தொழிலில் இருப்பதால் எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். இது இன்னும் கருதுகோள்தான். ஆனாலும் மதில் என்பது பிறரை ஒதுக்குவதற்கல்ல, கலந்து வாழ்வதற்கான ஏற்பாடாக வந்திருக்கலாம் என்று அது யோசிக்கவைக்கிறது.

இனி அந்த விருந்தாளியின் நிலை. தனியாக வாழும் ஒரு சாதாரண பக்டீரியாவிடம் சில ஆயிரம் பரம்பரையலகுகள் இருக்கும். இழைமணி தன்னுடையவற்றில் பலவற்றைத் தொலைத்தது, பலவற்றைக் கருவிடம் கொடுத்துவிட்டது. அதற்குத் தேவையான ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் இப்போது கருவின் கட்டளைப்படி வெளியில் செய்யப்பட்டு உள்ளே அனுப்பப்படுகின்றன. மனித இழைமணியிடம் எஞ்சியிருப்பவை 37. அவற்றில் 13 புரதங்களுக்கானவை. மிகுதி 24ம் அந்த 13ஐ வாசிப்பதற்கான கருவிகளுக்கானவை. வாசிக்கும் முறையிலும் ஒரு தனி வழக்கு உண்டு. கருவின் மொழியில் 'இத்தோடு நிறுத்து' என்று பொருள்படும் ஒரு மூன்றெழுத்துச் சொல், இழைமணிக்குள் ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும். இதை 1979இல் கண்டுபிடித்தார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேச்சு.

எல்லாவற்றையும் கொடுத்த இழைமணி இந்த 13ஐ மட்டும் ஏன் வைத்திருக்கிறது? ஜோன் அலன் என்ற உயிரியலாளரின் விளக்கம் இது. அந்த 13 புரதங்களும் மூச்சோடு தொடர்பானவை. ஒட்சிசனில் சக்தி எடுக்கும் சங்கிலியின் கண்ணிகள். அங்கே நிலைமை கணத்துக்குக் கணம் மாறும். கருவுக்குச் சொல்லியனுப்பி மறுமொழி வரும்வரை காத்திருக்க முடியாது. அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே முடிவெடுக்க வேண்டியவை மட்டும் அந்த இடத்திலேயே தங்கின. பழமைப் பற்றால் அல்ல, பயன்பாட்டால்.

இதை வாசித்த நாளிலிருந்து என் மகளின் தமிழை வேறு விதமாகக் கவனிக்கிறேன். அவளுக்குப் பதினாறு வயது. உயிரியல், அரசியல், சிநேகிதிகளோடு கோபம், கனவு எல்லாம் நோர்வேஜிய மொழியில். தமிழ் எவ்வளவு இருக்கிறது என்று உறவினர்கள் கேட்கும்போது எண்ணிச் சொல்லலாம் போலிருக்கும். ஆனால் எஞ்சியவை எவை என்று பார்த்தால் ஒழுங்கு ஒன்று தெரிகிறது.

"பிள்ளை, சாப்பிட்டனியோ?" என்று என் அம்மா அறைக்கு வெளியே நின்று கேட்பார்.

"ஓம் அம்மம்மா. கொஞ்சம் உறைக்குது."

நோர்வேஜிய மொழியில் உறைப்பு என்பதற்குப் 'பலமானது' என்ற பொதுச் சொல்தான். என் அம்மாவின் குழம்புக்கு அது போதாது. அதனால் 'உறைக்குது' தங்கிவிட்டது. 'சுடுது', 'கவனம்', 'நோகுதோ', 'சும்மா இருங்கோ' என்பவையும் தங்கிவிட்டன. உடம்பும் சமையலறையும் பாட்டியும் உள்ள இடத்தில் உடனே தேவைப்படும் சொற்கள். வார இறுதித் தமிழ் வகுப்பில் படித்த ஆறு பருவங்களும் நான்கு வேதங்களும் போய்விட்டன.

இழைமணி தாய் வழியாகவே வரும். இந்த ஒப்பீட்டைத் தாய்மொழி என்ற சொல்வரை நீட்ட ஆசை வரத்தான் செய்கிறது. அங்கேதான் நிறுத்தவேண்டும். என் மகளின் கலங்களில் அந்த 37ம் என் அம்மாவிடமிருந்து என் வழியாக வந்து சேர்ந்திருக்கின்றன. அதற்காக நாங்கள் மூவரும் எதுவும் செய்யவில்லை. மொழிக்கு அந்த வசதி இல்லை. 'உறைக்குது' தங்குவதற்கு ஒருவர் சமைக்கவேண்டும், ஒருவர் சாப்பிடவேண்டும், இருவரும் ஒரே வீட்டில் இருக்கவேண்டும். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு.