கேட்க ஆளில்லாத நேரத்துக்காக எழுதுங்கள்

மென்பொருள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

இந்தத் தொழிலில் நெடுநாள் இருந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஒரு கருவியைச் செய்து முடித்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். அதை முன்பின் தெரியாத ஒருவர், உங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் சரியாகப் பயன்படுத்தும்படி எழுதி வைத்த பிறகுதான் அது முடிகிறது.

நம் முன்னோடிகள் இதை அறிந்திருந்தார்கள். 1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸின் முதல் கையேட்டைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், எழுதும் முறை, விளக்கம் என்று ஒழுங்காகப் பிரித்திருந்தார்கள். அது எங்கே சொதப்பும் என்பதைச் சொல்ல 'பக்ஸ்' என்று தனித் தலைப்பே வைத்தார்கள். 'ஓனர்' என்ற தலைப்பின்கீழ், சிக்கல் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பதும் இருந்தது. தங்கள் கருவியின் குறையைத் தாங்களே எழுதி, பொறுப்பாளர் பெயரையும் போட்டார்கள். அந்த நேர்மைதான் நீங்கள் முதலில் கற்க வேண்டியது.

இன்று உங்கள் எழுத்தைப் படிக்க இன்னொரு வாசகரும் வந்துவிட்டார்: கருவிகளைத் தானே அழைத்து வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட். 2023 ஜூனில் ஓபன்ஏஐ தன் மாடல்கள் வெளிக்கருவிகளை அழைக்க வழிசெய்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே. பொதுவாக மாடலின் கண்ணில் உங்கள் நிரல் படாது. கருவியின் பெயர், அதைப் பற்றிய சில வரி விளக்கம், என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற பட்டியல் ஆகிய மூன்றும்தான் அதன் முன் இருக்கும். எந்தக் கருவியை எடுப்பது, எப்படி அழைப்பது என்பதை அவற்றை வைத்தே மாடல் முடிவு செய்கிறது.

பக்கத்து இருக்கையில் இருக்கும் புதியவர் சந்தேகம் வந்தால் "அண்ணா, இந்தத் தேதியை எப்படிக் கொடுக்கணும்?" என்று கேட்டுவிடுவார். ஏஜென்ட் பல நேரம் கேட்பதில்லை. பொருத்தமாகத் தோன்றுவதை நிரப்பிக் காரியத்தையும் முடித்துவிடும். சமையல் குறிப்பில் 'உப்பு தேவையான அளவு' என்று எழுதினால் பழகிய கைக்குப் போதும்; அடுப்படி அறியாதவருக்கு அது குறிப்பே அல்ல. ஆகவே 'தேவையான அளவு' என்று விட்டுவைத்த இடங்களையெல்லாம் தேடிப் பிடித்து நிரப்புங்கள்.

பெயரிலிருந்தே தொடங்குங்கள். ஓர் உள்ளீட்டுக்கு 'யூசர்' என்று மட்டும் பெயர் வைத்தால், ஆளின் பெயரா, மின்னஞ்சலா, பதிவு எண்ணா? 'யூசர்_ஐடி' என்றால் குழப்பம் பெருமளவு தீரும். தேதியின் வடிவமும் அப்படித்தான்: 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. 2025-04-03 என்று ஆண்டு முதலில் வரும் வடிவத்தைக் கேளுங்கள், ஓர் எடுத்துக்காட்டும் கொடுங்கள்.

அலகு விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்தபோது தொலைந்தது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. மெட்ரிக் அலகுதான் வேண்டும் என்று ஆவணத்தில் எழுதித்தான் இருந்தது. எழுதியது ஓரிடத்திலும் எண் ஓரிடத்திலும் இருந்தால் இப்படித்தான் ஆகும். அலகை உள்ளீட்டின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, ஆபத்தை மறைக்காமல் சொல்லுங்கள். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரே போகும். 'டெலீட்' விருப்பத்தையும் சேர்த்தால், மூலத்தில் இல்லாத கோப்புகள் சேருமிடத்தில் அழிக்கப்படும். அதன் கையேடு இவற்றை விளக்குகிறது. எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்க 'டிரை ரன்' விருப்பமும் இருக்கிறது. உங்கள் கருவியும் படிக்க மட்டும் செய்யுமா, அழிக்கவும் செய்யுமா, இரண்டு முறை அழைத்தால் இரண்டு முறை பணம் போகுமா என்று முதல் வரிகளிலேயே சொல்லட்டும். எழுதியதோடு விடாமல், அழிக்கும் முன் மனிதர் ஒருவர் ஒப்புதல் தரும்படியும் செய்யுங்கள்.

பிழைச் செய்தியும் ஆவணம்தான். 'தவறான உள்ளீடு' என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் இருட்டில் துழாவும். 'தேதி 2025-04-03 என்ற வடிவில் வேண்டும்' என்று வந்தால் அடுத்த முறையே திருத்திக்கொள்ளும்.

இதற்காகப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். கருவி விளக்கங்கள் மாடலின் வாசிப்பு எல்லையில் இடம் பிடிப்பவை. அளவுக்கு மீறினால் முக்கியமானது அமுங்கிப்போகும். எதற்கு இந்தக் கருவி, எதற்கு இது வேண்டாம் என்ற இரண்டையும் முதலில் வையுங்கள். பிறகு ஆவணத்தை மட்டும் கொடுத்து ஏஜென்டிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள். அது தடுமாறும் இடமெல்லாம் நீங்கள் திருத்த வேண்டிய இடம். நிரலை மாற்றிய அன்றே விளக்கத்தையும் மாற்றுங்கள். விளக்கமே இல்லாததைவிடப் பழைய விளக்கம் கெடுதல். படிப்பவர் அதை நம்பிவிடுவார்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நம் மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்தவரை நடப்பது நேர்மாறு. தெரிந்ததைப் பூட்டி வைத்தவர் அதே கருவிக்குக் காவலாளியாகவே நின்றுவிடுகிறார். எழுதிக் கொடுத்தவர் அடுத்த வேலைக்குப் போகிறார். ஏஜென்டுக்காக நீங்கள் தெளிவாக எழுதும் ஒவ்வொரு வரியும், நள்ளிரவு ஷிப்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கும் உதவும்.

நீங்கள் கடைசியாகச் செய்த கருவியை இன்றே எடுங்கள். அது என்ன செய்யும், என்ன செய்யாது, என்ன கொடுக்க வேண்டும், எதை அழித்துவிடும் என்று நான்கு வரி எழுதுங்கள். எழுத முடியாத வரி எதுவோ, அந்த இடத்தில் கருவியையே திருத்துங்கள்.