பின்கட்டுச் சுவர்

இங்கிலாந்துக்குச் செல்லும் நம்மவர் பலர் ஆங்குள்ள பிரபுக்களின் மாளிகைகளைக் கண்டு வியந்து மீள்வர். யாமும் அத்தகைய மாளிகைகள் சிலவற்றைக் கண்டோம். ஆயினும், எமது நெஞ்சில் நிலைத்து நிற்பது மாளிகையன்று; கோண்வால் பகுதியிலே, மெவகிசி என்னும் மீன்பிடி ஊருக்கு அணித்தாயுள்ள ஹெலிகன் தோட்டத்தின் சுவர்களே.

ஹெலிகன் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திறெமெயின் குடும்பத்தாருக்கு உரியதாயிருந்தது. அங்குள்ள உயர்ந்த மதில்கள் காவலுக்காக மட்டும் எழுந்தவையல்ல. செங்கல் பகலில் வெயிலை உண்டு, இரவில் அவ்வெப்பத்தை மெல்ல உமிழும்; அதனால் மதிலோடு அணைத்து வளர்த்த பழமரங்கள் குளிருக்குத் தப்பிக் கனியும். தேனீக் கூடைகளை வைப்பதற்கென்றே சுவரில் மாடங்களும் உண்டு. நம் நாட்டில் வெயிலொன்றே விளைவிக்கும் அன்னாசிக்கு அங்கே பெரும்பாடு. கண்ணாடி மூடியிட்ட செங்கற் குழியொன்றை அமைத்து, அதன் இருமருங்கும் குதிரை இலத்தியை நிரப்பினர். அது மக்கும்போது பிறக்கும் சூடு செங்கற்களின் இடைவெளியூடே சென்று செடியைக் காத்தது.

இத்தனையும் தோட்டத் தொழிலாளரின் கைத்திறன். அவர்தம் பெயரை யார் அறிவார்? 1914 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், முதலாம் உலகப் போர் மூண்ட வேளையில், அவர்கள் தங்கள் மலசலகூடத்தின் சுண்ணச் சுவரிலே பென்சிலால் தம் பெயர்களை எழுதினர். அவருட் பலர் போர்க்களம் சென்றனர், சிலர் மீளவேயில்லை.

காலப்போக்கில் தோட்டம் காடாயிற்று. மாளிகையோ பல குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்டது. 1990 ஆம் ஆண்டில் ரிம் சிமிற் என்பாரும் அவர் நண்பரும் முட்புதர்களை வெட்டி உட்புகுந்தனர். அதன் பின்னரே அப்பெயர்கள் மீண்டும் உலகின் கண்ணுக்குப் புலனாயின. தோட்டமும் புத்துயிர் பெற்றது. 2013 ஆம் ஆண்டில் இம்பீரியல் போர் நூதனசாலை அச்சிற்றறையை வாழும் நினைவுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

மங்கிய அவ்வெழுத்துக்களின் முன் நின்றபோது எம் தலை தானாகவே தாழ்ந்தது. 'சுவரை வைத்துத்தான் சித்திரம்' என்பது நம் முதுமொழி. சித்திரத்தைப் போற்றும் நாம் சுவரெழுப்பிய கைகளை எளிதில் மறந்துவிடுகிறோம். குடும்பத்துக்கோ, ஊருக்கோ, கலைக்கழகத்துக்கோ வரலாறு எழுதப் புகுவோர், முன்வாயிலிற் பொறித்த பெயர்களோடு அமையாது, பின்கட்டுச் சுவரையும் ஒருமுறை வாசிப்பாராக.